மெட்டா டேகுகள்: எதை எழுதுவது, எதை நீக்குவது

மெட்டா டேகுகள் என்பவை, பக்கத்தின் நிரலில் வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் தேடுபொறிக்கும் உலாவிக்கும் எழுதிவைக்கும் குறிப்புகள். அவற்றால் தேடுபொறியில் இன்னும் பயன் உண்டா என்று கேட்பவருக்கு ஒரே சொல்லில் விடை சொல்ல முடியாது. அந்தப் பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல குறிப்புகள் அடங்கியிருக்கின்றன. கீவேர்ட்ஸ் டேகைக் கூகுள் தரவரிசைக்குக் கொஞ்சமும் பொருட்படுத்துவதில்லை. டிஸ்கிரிப்ஷன் டேக் தரவரிசையை மாற்றுவதில்லை. ஆனால் தேடல் முடிவில் உங்கள் பக்கத்தின் பெயருக்குக் கீழே தெரியும் இரண்டு வரிகளாக அது இடம்பெறக்கூடும். ரோபோட்ஸ் டேகோ ஒரே ஒரு சொல்லால் பக்கத்தைத் தேடலிலிருந்து முழுவதுமாக நீக்கிவிடும். ஒரு பக்கத்தை மேலே ஏற்றுவதற்கு மெட்டா டேகுகள் பெரிதாக உதவுவதில்லை என்று சொல்பவர்கள் தவறாகச் சொல்லவில்லை. பக்கத்தைக் காணாமற்போகச் செய்ய அவை போதும் என்பதைத்தான் அவர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எனவே இந்த வழிகாட்டி, கெடுதல் செய்யக்கூடியதை முதலில் சரிபார்த்துவிட்டு, அதன் பிறகே நன்மை தரக்கூடியதற்கு வருகிறது.

இருப்பதைப் பார்த்தல்

கணினியில் குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் உங்கள் பக்கத்தைத் திறந்து, கன்ட்ரோல் விசையுடன் யூ விசையை அழுத்தினால், அந்தப் பக்கத்தின் எச்டிஎம்எல் நிரல் தனித் தாவலில் திறக்கும். அதன் தொடக்கத்தில் இருக்கும் ஹெட் பகுதியில்தான் நமக்கு வேண்டியவை அனைத்தும் இருக்கின்றன. முகப்பை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. ஒரு கட்டுரை, ஒரு வகைப்பாட்டுப் பக்கம், ஒரு தொடர்புப் பக்கம் என்று, ஒரே வகைப் பக்கங்களுக்குப் பொதுவான அச்சாகிய வார்ப்புருவுக்கு ஒன்றாகப் பார்க்க வேண்டும். வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு வகைப் பக்கத்துக்கும் வெவ்வேறு டேகுகளைத் தாமாகவே எழுதுகின்றன. ஜாவாஸ்கிரிப்டால் இயங்கும் தளமாக இருந்தால் இந்த மூலநிரலில் எல்லாம் தெரியாது. அப்போது தள உரிமையாளர்களுக்கான கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் பக்கத்தின் முகவரியை இட்டு நேரலைச் சோதனை செய்தால், கூகுள் அந்தப் பக்கத்தை எப்படி வாசித்தது என்ற வடிவமே கிடைக்கும்.

பார்க்கும்போதே ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஹெட் பகுதிக்குள் டைட்டில், மெட்டா, லிங்க், ஸ்கிரிப்ட், ஸ்டைல் போன்ற சில உறுப்புகளுக்கு மட்டுமே இடம் உண்டு. விளம்பர நிறுவனமோ கணக்கெடுப்புச் சேவையோ கொடுத்த நிரல் துணுக்கை ஒட்டும்போது அதற்குள் ஒரு படமோ, வேறொரு பக்கத்தை உள்ளே காட்டும் ஐஃபிரேமோ இருந்துவிட்டால், ஹெட் பகுதி அந்த இடத்திலேயே முடிந்துவிட்டதாகக் கூகுள் எடுத்துக்கொண்டு, அதற்குக் கீழே உள்ள மெட்டா டேகுகளைப் படிக்காமல் விட்டுவிடும். டேக் நிரலில் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் வேலை செய்யவில்லை என்ற புதிருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். முக்கியமான டேகுகளை மேலேயும் பிறர் தந்த துணுக்குகளைக் கீழேயும் வைப்பது பாதுகாப்பு.

ரோபோட்ஸ் டேக்: முதலில் இதைச் சரிபாருங்கள்

ரோபோட்ஸ் என்ற பெயருள்ள மெட்டா டேகில் நோஇண்டெக்ஸ் என்ற மதிப்பு இருந்தால், அந்தப் பக்கத்தைத் தேடல் முடிவுகளுக்கான தன் அட்டவணையில் சேர்க்க வேண்டாம் என்று நீங்கள் தேடுபொறிக்குச் சொல்கிறீர்கள் என்று பொருள். இது வேண்டுகோள் மட்டுமல்ல. கூகுளும் பிங்கும் இதற்குக் கட்டுப்படுகின்றன. டேக் இல்லாவிட்டாலோ, பக்கத்தைச் சேர்க்கலாம், அதிலுள்ள இணைப்புகளைத் தொடரலாம் என்பதே இயல்பு நிலை. ஆகவே "இண்டெக்ஸ், ஃபாலோ" என்று எழுதி வைப்பதால் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை. இதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்துதரும் சேவைகளும் இருக்கின்றன என்பது வேடிக்கை.

நோஇண்டெக்ஸ் எங்கிருந்து வந்து சேர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. புதிய தளத்தைக் கட்டும்போது சோதனை வடிவம் தேடலில் வந்துவிடக் கூடாது என்று உருவாக்குபவர் அதைத் தடுத்து வைத்திருப்பார். தளம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பின்னும் அந்தத் தடை நீக்கப்படாமல் கிடக்கும். வேர்ட்பிரஸில் அமைப்புகளுக்குள் வாசிப்புப் பகுதியில், தேடுபொறிகள் இத்தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் குறியிட்டிருந்தால் தளத்தின் எல்லாப் பக்கங்களிலும் நோஇண்டெக்ஸ் ஏறிவிடும். கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் தனிப்பயன் ரோபோட்ஸ் ஹெடர் டேகுகள் என்ற அமைப்பு, முகப்பு, பழைய பதிவுத் தொகுப்பு, தனிப் பதிவு ஆகியவற்றுக்குத் தனித்தனியாக விருப்பங்களைத் தருகிறது. யாரோ சொன்னார்கள் என்று அதில் எல்லாவற்றையும் குறியிடுவதைவிட, அந்த அமைப்பை அணைத்தே வைத்திருப்பது நல்லது. தேடலுக்காகத் தளத்தைச் சீராக்கும் எஸ்இஓ பிளகின்கள், அதாவது கூடுதல் மென்பொருள்கள், ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் ஒரே பக்கத்தில் இரண்டு ரோபோட்ஸ் டேகுகள் வரலாம். அவை முரண்பட்டால் எது கூடுதல் கட்டுப்பாடு விதிக்கிறதோ அதையே கூகுள் ஏற்கும். அதாவது, ஒரு பிளகின் சேர்க்கச் சொல்லி மற்றொன்று தடுத்தால், தடையே வெல்லும்.

ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பையும் இந்த டேகையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் விளையும் தொல்லை தனி. கோப்பு, பக்கத்துக்குள் நுழைய அனுமதி உண்டா என்பதைச் சொல்கிறது. டேக், நுழைந்து படித்த பிறகு அதைச் சேர்க்கலாமா என்பதைச் சொல்கிறது. வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டவரால் வீட்டுக்குள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படிக்க முடியாது. ஒரு பக்கத்தைத் தேடலிலிருந்து நீக்க விரும்பி, நோஇண்டெக்ஸை எழுதிவிட்டு, கூடவே ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பிலும் அதைத் தடுத்தால், பக்கங்களைப் படித்துவரும் கூகுளின் நிரலான கூகுள்பாட் அந்த நோஇண்டெக்ஸைக் காணவே போவதில்லை. பிற தளங்கள் அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தால், விவரம் எதுவும் இல்லாத வெறும் முகவரியாக அது தேடல் முடிவுகளில் தங்கிவிடக்கூடும். ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்புக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் என்று எழுதும் பழைய வழக்கத்தையும் கூகுள் 2019 செப்டம்பர் 1 முதல் ஏற்பதில்லை. நீக்க வேண்டிய பக்கத்தைப் படிக்க அனுமதியுங்கள், படிக்கும் இடத்தில் நோஇண்டெக்ஸ் இருக்கட்டும், அட்டவணையிலிருந்து அது மறைந்ததை உறுதிசெய்துகொண்ட பிறகு வேண்டுமானால் தடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டைக் கொண்டு நோஇண்டெக்ஸை நீக்கிவிடலாம் என்று எண்ணுவதும் ஆபத்தானது. முதலில் வரும் எச்டிஎம்எல் நிரலிலேயே நோஇண்டெக்ஸைக் கண்டால், கூகுள் ஜாவாஸ்கிரிப்டை இயக்கிப் பார்க்காமலேயே திரும்பிவிடக்கூடும். பீடிஎஃப் கோப்புகளில் மெட்டா டேக் எழுத இடமே இல்லை. அவற்றை மறைக்க, தளம் இயங்கும் கணினியான வழங்கி, கோப்போடு சேர்த்து அனுப்பும் எச்டிடிபி ஹெடரில் எக்ஸ்-ரோபோட்ஸ்-டேக் என்ற குறிப்பைச் சேர்க்க வேண்டும்; அதற்கு வழங்கியின் அமைப்புக் கோப்பைத் தொடத் தெரிந்தவரின் உதவி தேவைப்படும்.

இதே டேகில் காட்சியைக் கட்டுப்படுத்தும் மதிப்புகளும் உண்டு. 2019-இல் கூகுள் அறிமுகப்படுத்திய மேக்ஸ்-ஸ்னிப்பெட், தேடல் முடிவில் உங்கள் உரையிலிருந்து எத்தனை எழுத்துகள் வரை காட்டலாம் என்று வரையறுக்கிறது. மேக்ஸ்-இமேஜ்-பிரிவியூ, படத்தை எவ்வளவு பெரிதாகக் காட்டலாம் என்று சொல்கிறது. செய்தி, சமையல், பயணம் போன்ற படம் சார்ந்த தளங்கள் பின்னதற்கு "லார்ஜ்" என்ற மதிப்பைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். கைப்பேசியில் வரும் கூகுள் டிஸ்கவர் பகுதியில் பெரிய படத்தோடு தோன்றுவதற்கு அந்த மதிப்பும், குறைந்தது 1200 பிக்சல் அகலமுள்ள படமும் தேவை. வேர்ட்பிரஸ் 5.7 பதிப்பிலிருந்து இதைத் தானாகவே சேர்க்கிறது. நோஸ்னிப்பெட் மதிப்போ உரைத் துணுக்கு முழுவதையும் நிறுத்துவதோடு, தேடல் பக்கத்தின் உச்சியில் வரும் ஏஐ சுருக்கத்துக்கு உங்கள் உரை பயன்படுவதையும் தடுக்கிறது. அந்தச் சுருக்கத்தின் மீது வருத்தம் கொண்டவர்கள் இதைப் பயன்படுத்தத் துடிப்பது புரிகிறது. ஆனால் துணுக்கு இல்லாத வெறும் தலைப்பை எத்தனை பேர் சொடுக்குவார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஒரு பத்தியை மட்டும் மறைக்க டேட்டா-நோஸ்னிப்பெட் என்ற பண்பு இருக்கும்போது, முழுப் பக்கத்தையும் வாய் மூடச் செய்வது பெரும்பாலும் தேவையற்றது.

கீவேர்ட்ஸ் டேக்: நீக்கிவிடுங்கள்

1990-களின் நடுப்பகுதியில் ஆல்டாவிஸ்டா, இன்ஃபோசீக் போன்ற தேடுபொறிகள் பக்கத்தின் உரிமையாளர் சொன்னதை நம்பி இந்த டேகைப் பயன்படுத்தின. நம்பிக்கை நீடிக்கவில்லை. தொடர்பே இல்லாத சொற்களையும் போட்டியாளரின் வணிகப் பெயரையும் அதில் திணிப்பது வழக்கமாகி, வழக்குகள் வரை சென்றது. போட்டி நிறுவனத்தின் வணிகக் குறியை மெட்டா டேகில் பயன்படுத்துவது வாடிக்கையாளரைத் திசைதிருப்பும் என்று அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999-இல் புரூக்ஃபீல்ட் வழக்கில் கூறியது. தரவரிசைக்கு இந்த டேகைத் தான் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகும் ஐம்பது சொற்களைக் காற்புள்ளியிட்டு அடுக்கும் பழக்கம் மறையவில்லை. ஒரே சொல்லைப் பல வடிவங்களில் நிரப்பிய டேக், பிங்கின் பார்வையில் ஸ்பேமுக்கான அடையாளமாகவும் ஆகலாம். ஏற்கெனவே இருப்பதை நீக்குவதற்காகப் பழைய பக்கங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதில்லை. வார்ப்புருவிலோ பிளகினிலோ அந்த வசதியை அணைத்துவிட்டால் போதும். யூடியூப் காணொளிக்கு இடும் டேகுகள் வேறு அமைப்பைச் சேர்ந்தவை. அங்கும் அவற்றின் பங்கு மிகச் சிறியது என்றே யூடியூப் சொல்கிறது.

தலைப்பு

டைட்டில் என்பது கண்டிப்பாகச் சொன்னால் மெட்டா டேக் அல்ல, தனி உறுப்பு. ஆயினும் ஹெட் பகுதியில் எழுதப்படுபவற்றுள் தரவரிசையிலும் பங்கு பெற்று, வாசகர் கண்ணிலும் முதலில் படுவது இதுதான் என்பதால், உங்களுக்கு இருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே செலவிடுமாறு பரிந்துரைப்பேன்.

நீங்கள் எழுதிய தலைப்பைக் கூகுள் அப்படியே காட்டும் என்ற உறுதி இல்லை. 2021 ஆகஸ்டில் தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை அது மாற்றியபோது பலரின் தலைப்புகள் மாறிப்போயின. எதிர்ப்பு எழுந்ததும் முறையைத் திருத்தி, ஏறத்தாழ 87 விழுக்காடு நேரங்களில் டைட்டில் உறுப்பையே பயன்படுத்துவதாக அடுத்த மாதம் தெரிவித்தது. மீதியில் பெரும்பாலும் பக்கத்துக்குள் இருக்கும் பெரிய தலைப்பு போன்றவற்றை எடுத்துக்கொள்கிறது. உங்கள் தலைப்பு மாற்றப்படுகிறது என்றால் அதற்குச் சில காரணங்கள் இருக்கும். எல்லாப் பக்கங்களிலும் ஒரே தலைப்பு இருக்கலாம், "முகப்பு" என்று மட்டும் இருக்கலாம், சென்ற ஆண்டின் எண் மாறாமல் நிற்கலாம், அல்லது பக்கத்தின் பெரிய தலைப்பு ஒன்று சொல்ல டைட்டில் வேறொன்று சொல்லலாம். இரண்டையும் ஏறக்குறைய ஒத்திருக்கச் செய்தால் பெரும்பாலான மாற்றங்கள் நின்றுவிடும்.

அறுபது எழுத்துக்குள் எழுதுங்கள் என்ற அறிவுரையைத் தமிழுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. கூகுள் எழுத்துகளை எண்ணுவதில்லை. திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறது. தமிழில் ணை, ஞ, ஊ போன்ற எழுத்துகள் ரோமன் எழுத்துகளைவிடக் கூடுதல் இடம் எடுத்துக்கொள்கின்றன. மறுபுறம், பிளகினின் எண்ணிக்கைக் கருவி எண்ணுவது யூனிகோடு குறியீடுகளை: "தமிழ்" என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து, கருவிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. ஆகவே பச்சை, சிவப்பு விளக்குகளை நம்பாமல், கைப்பேசியில் உங்கள் பக்கத்தையே தேடி எங்கே வெட்டுப்படுகிறது என்று பாருங்கள். வெட்டு எங்கே விழுந்தாலும் பொருள் கெடாதபடி, பக்கத்தை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தும் சொல்லைத் தொடக்கத்திலும் தளத்தின் பெயரை இறுதியிலும் வையுங்கள். நிலப் பட்டா குறித்த ஒரு பக்கத்துக்கு "வருக! தமிழ் மக்களுக்கான தகவல் களஞ்சியம் – பட்டா" என்பதைவிட "பட்டா பெயர் மாற்றம்: விண்ணப்பிக்கும் முறையும் தேவையான ஆவணங்களும்" என்பது எவ்வளவோ மேல்.

தமிழில் தேடுவோர் எல்லாரும் தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்வதில்லை. ரோமன் எழுத்தில் தேடுவோரும், ஆங்கிலச் சொல்லிலேயே தேடுவோரும் உண்டு. அவர்கள் பயன்படுத்தும் சொல்லைத் தலைப்பில் ஒருமுறை இயல்பாகச் சேர்ப்பதில் தவறில்லை. மூன்று வடிவங்களையும் கோடு போட்டு அடுக்கினால் அது கீவேர்ட்ஸ் டேகின் மறுபிறவியாகிவிடும்.

டிஸ்கிரிப்ஷன்

இந்த டேகும் தரவரிசைக்குப் பயன்படுவதில்லை என்று 2009-இன் அதே அறிவிப்பிலேயே கூகுள் சொல்லிவிட்டது. துணுக்குக்கான உரையையும் அது பெரும்பாலும் தேடுபவரின் சொற்களுக்கு ஏற்பப் பக்கத்தின் உடலிலிருந்தே எடுக்கிறது. நீங்கள் எழுதியது அந்தத் தேடலுக்கு மேலான விளக்கமாக இருந்தால் மட்டுமே அதைக் காட்டுகிறது. நீளமும் நம் கையில் இல்லை. 2017 டிசம்பரில் துணுக்குகளைக் கூகுள் ஏறத்தாழ இருமடங்கு நீளமாக்கியது. எல்லாரும் பழைய விளக்கங்களை நீட்டி எழுதி முடிப்பதற்குள், 2018 மே மாதத்தில் மீண்டும் சுருக்கிவிட்டது.

எனவே எல்லாப் பக்கங்களுக்கும் இதை எழுத உட்காருவது வீண். முகப்பு, வருமானமோ வாசகரோ அதிகம் வரும் சில பக்கங்கள், படங்கள் மட்டும் இருந்து உரை குறைவாக உள்ள பக்கங்கள் ஆகியவற்றுக்கு எழுதுங்கள். உரை இல்லாத பக்கத்தில் கூகுள் எடுத்துக்கொள்ள வேறொன்றும் கிடைக்காமல், மெனுப் பொத்தான்களின் பெயர்களை எடுத்துத் துணுக்காக்கிவிடும் என்பதே காரணம். நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒரே விளக்கத்தை இடுவதைவிட இடாமல் விடுவது மேல். பிளாகரில் அமைப்புகளில் தேடல் விளக்கத்தை இயக்கிய பிறகே ஒவ்வொரு பதிவின் பக்கவாட்டிலும் அதற்கான பெட்டி தோன்றும் என்பதைப் பலர் அறிவதில்லை.

எழுதும் முறையில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. "பல்லாண்டு அனுபவம் கொண்ட எங்கள் குழுவினர், நிலம் தொடர்பான பல்வேறு ஆவணங்களைப் பெறுவதற்கான நடைமுறைகளை எளிய முறையில்" என்பதோடு துணுக்கு வெட்டுப்பட்டால், விளக்குகிறார்களா, விற்கிறார்களா என்பதே வாசகருக்குத் தெரியாது. நீண்ட வாக்கியங்களைக் கட்டுரைக்கு வைத்துக்கொண்டு, இங்கே முதல் வாக்கியத்தைப் பத்துச் சொற்களுக்குள் முடித்துவிடுங்கள். "கிரயம், பாகப்பிரிவினை, வாரிசுரிமை: மூன்றுக்கும் பட்டா பெயர் மாற்றும் முறை. இணையத்திலும் இ-சேவை மையத்திலும் விண்ணப்பிக்கலாம்" என்று எழுதினால் இரண்டாம் வாக்கியம் வெட்டுப்பட்டாலும் முதலாவது தன் வேலையைச் செய்துவிடும். தேடுபவர் பயன்படுத்தக்கூடிய சொல் துணுக்கில் இருந்தால் கூகுள் அதைத் தடித்த எழுத்தில் காட்டுவதும் உண்டு. பக்கத்தில் இல்லாத ஒன்றை இங்கே வாக்களிக்காதீர்கள். வந்தவர் உடனே திரும்பிப் போவதற்காக அவரை அழைத்து வருவதில் பொருளில்லை.

மற்றவை

சார்செட் என்ற டேக் பக்கத்தின் எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்கிறது. அது யூடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும், பக்கத்தின் முதல் 1024 பைட்டுகளுக்குள் வர வேண்டும். பழைய தளங்களில் டிஸ்கி குறியாக்கத்திலோ பாமினி எழுத்துருவிலோ கிடக்கும் கட்டுரைகளை இந்த டேகை மாற்றுவதால் மீட்க முடியாது. பாமினியில் எழுதிய உரை, எழுத்துருவை நீக்கிவிட்டால் வெறும் ரோமன் எழுத்துக் குவியலே. தேடுபொறி அதைத் தமிழாக வாசிப்பதில்லை. உரையையே யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் மற்ற டேகுகளைப் பற்றிப் பேச முடியும்.

வியூபோர்ட் டேக் கைப்பேசித் திரைக்கு ஏற்பப் பக்கத்தை அமைக்கிறது. கூகுள் இப்போது தளங்களைக் கைப்பேசி வடிவத்திலேயே படிப்பதால் அது இல்லாத வார்ப்புருவை மாற்றிவிடுங்கள். 2010-இல் ஃபேஸ்புக் கொண்டுவந்த ஓப்பன் கிராஃப் டேகுகள் தரவரிசைக்கு உதவுவதில்லை. வாட்ஸ்அப்பில் உங்கள் இணைப்பைப் பகிரும்போது வரும் படமும் தலைப்பும் அவற்றிலிருந்தே எடுக்கப்படுகின்றன என்பதால், செய்தி பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாகப் பரவும் தளங்களுக்கு டிஸ்கிரிப்ஷனைவிட அவற்றின் பயன் அதிகமாகவே இருக்கக்கூடும். சர்ச் கன்சோலுக்காகச் சேர்த்த உரிமைச் சரிபார்ப்பு டேகை, வேலை முடிந்தது என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். கூகுள் அதை அவ்வப்போது மீண்டும் பார்க்கிறது, காணாவிட்டால் உங்கள் அணுகலை நிறுத்திவிடும்.

மாற்றிய பிறகு

மாற்றம் செய்த முக்கியப் பக்கங்களை மட்டும் சர்ச் கன்சோலில் முகவரிச் சோதனை வழியாக மீண்டும் படிக்கச் சொல்லுங்கள். சில நாள்களிலிருந்து சில வாரங்கள் வரை ஆகலாம். அதற்குள் மறுபடி மாற்றினால் எது பயன் தந்தது என்று அறிய முடியாமல் போகும். தலைப்பையும் டிஸ்கிரிப்ஷனையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுங்கள். செயல்திறன் அறிக்கையில் அந்தப் பக்கத்தை மட்டும் வடிகட்டி, ஒரே தேடல் சொல்லுக்கு, சராசரி இடம் ஏறக்குறைய மாறாதிருக்கும் நிலையில் சொடுக்கு விகிதம், அதாவது முடிவில் தோன்றிய முறைகளில் சொடுக்கப்பட்டவற்றின் பங்கு, கூடியதா என்று ஒப்பிடுங்கள். இடமும் மாறியிருந்தால் அந்த ஒப்பீடு செல்லாது. பள்ளிச் சேர்க்கை, பொங்கல், வரி தாக்கல் போன்று பருவத்தைச் சார்ந்த பக்கமாக இருந்தால் முந்தைய மாதத்தோடு ஒப்பிடாமல் சென்ற ஆண்டின் அதே வாரங்களோடு ஒப்பிட வேண்டும். அந்த அறிக்கை 16 மாதத் தரவை வைத்திருப்பதால் அதற்கு இடம் உண்டு.